பழைய கிற்றாரும் புதிய முலாமும்

நான் வேலை செய்யும் உணவகத்தில் மதுபானங்கள் அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேலே, சுவரில் ஒரு கிற்றார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அதைப் பார்த்து வந்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியல்ல. குசினியிலிருந்து வெளியே வரும்போது கண்ணில் படும் மங்கலான தகரச் சாமான் ஒன்று, அவ்வளவுதான். பத்ரோனின் தகப்பனார் வாசித்தது என்று தெரியும். அவர் இறந்த பிறகு சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். முப்பது வருடங்களாக எண்ணெய்ப் புகையையும், 2008இல் தடை வரும்வரை சிகரெட் புகையையும் குடித்துக்கொண்டு அது அங்கேயே இருந்தது.

போன வருடம் கடைக்குப் புது வர்ணம் அடிக்க எல்லாவற்றையும் சுவரிலிருந்து இறக்கினார்கள். அப்போதுதான் பத்ரோன் என்னைக் கூப்பிட்டார். நான் கிற்றார் வாசிப்பவன் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரிடம் காட்டியதாகவும், இருவரும் நேரெதிராகச் சொல்வதாகவும், நீயே ஒரு முடிவைச் சொல், காசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

ஒருவர் வாத்தியம் திருத்துபவர். நல்ல வேலைக்காரர் என்று பெயர். அவருடைய கணிப்பின்படி பழைய முலாமை முற்றாக எடுத்து, பித்தளையை மினுக்கி, மறுபடி நிக்கல் பூச வேண்டும். கழுத்தைக் கழற்றி நேராக்க வேண்டும். மெட்டுக்களை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கூம்பை எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். 1800 யூரோவும் எட்டு மாதமும் ஆகும். மற்றவர் பழைய சாமான் சேகரிப்பவர். அவர் சொன்னது இன்னும் சுருக்கம்: தூசியைக்கூடத் துடைக்க வேண்டாம், எதைத் தொட்டாலும் விலை போய்விடும், விற்பதென்றால் எனக்கே விற்றுவிடு.

முதலாமவர் அது 1930களில் கடையில் இருந்த மாதிரி இருக்க வேண்டும் என்கிறார். இரண்டாமவர் சுவரில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்கிறார். இதில் எனக்கு வியப்பாக இருந்தது, இருவருமே அதை வாசித்துப் பார்க்கவில்லை என்பதுதான். தந்திகள் துருப்பிடித்திருந்தன, உண்மைதான். ஆறு தந்தி வாங்க எத்தனை யூரோ?

இந்த இரண்டு அபிப்பிராயங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல முதலில் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு ஹவாயன் கிற்றார். ஊரில் பழைய ஆக்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். வெள்ளைக்காரர் ஸ்ரீல் கிற்றார் என்பார்கள். பெயரில் உள்ள ஸ்ரீல் உடம்பைக் குறிப்பதல்ல. இடது கையில் பிடிக்கும் உருக்குத் துண்டைக் குறிப்பது. வாத்தியத்தை மடியில் மல்லாத்தி வைத்து, அந்த உருக்குத் துண்டைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிப்பது. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் புதிதல்ல. தந்திகள் மெட்டுக்களுக்கு மேலே மிக உயரத்தில் நிற்கும். விரல் எதையும் அழுத்துவதில்லை. மெட்டு வெறும் அடையாளக் கோடுதான்.

நான் இந்த வாத்தியத்துக்கு வந்ததும் அந்தக் காரணத்தால்தான். கம்பசில் பௌதிகம் படித்த நாளில், அந்தப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது வேறு கதை, நண்பன் ஒருவனின் பெட்டிக் கிற்றாரில் கொஞ்சம் பழகியிருந்தேன். இங்கே வந்து, முன்பு வேலை செய்த ஓரிடத்தில், இறைச்சி சீவும் இயந்திரத்தில் இடது கை மோதிரவிரலின் நாணை அறுத்துக்கொண்டேன். தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடியாது. மடியாத விரலோடு சாதாரண கிற்றார் வாசிக்க முடியும் என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முடியவில்லை. உருக்குத் துண்டைப் பிடிக்க இரண்டு விரலும் பெருவிரலும் போதும். ஆகவே ஒரு மலிவுக் கிற்றாரின் தந்திகளை உயர்த்தி, மடியில் வைத்து, திரும்பவும் முதலிலிருந்து பழகினேன். இதைச் சொல்வது அனுதாபம் தேடியல்ல. திருத்துபவர் சொன்ன மெட்டு மாற்றும் வேலையும் கழுத்து நேராக்கும் வேலையும் இந்த வாத்தியத்துக்கு ஏன் தேவையில்லை என்பதை என் விரலே எனக்குச் சொன்னது என்பதற்காக. சாதாரண கிற்றாருக்கு மெட்டுத் தேய்ந்தால் வாழ்வு முடிந்த மாதிரி. இதற்கு மெட்டுத் தேய வழியே இல்லை. மிகச் செலவான இரண்டு வேலைகள், எந்த வாத்தியம் என்று பாராமல், பழக்க தோசத்தில் எழுதப்பட்டவை.

இந்தக் கிற்றார் நேஷனல் என்ற நிறுவனத்தின் 'ஸ்ரைல் ஓ' வகை. இப்படிச் சொன்னால் விளங்காது. டயர் ஸ்ட்ரெயிற்ஸ் குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தட்டு 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' அட்டையில், நீல வானத்தில் மிதக்கும் பளபளப்பான உலோகக் கிற்றாரை நினைவிருக்கிறதா? அதே இனம்தான். அது நிமிர்த்திப் பிடித்து வாசிப்பது. இது மடியில் வைப்பதற்கான சதுரக் கழுத்துள்ளது. பித்தளை உடம்பு, மேலே நிக்கல் முலாம். முன்னும் பின்னும் தென்னை மரங்களும் ஹவாய்க் கடற்கரையும் மணல் வீச்சினால் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் 'அசல்' பற்றிய பேச்சு கொஞ்சம் தணியும். 1920களில் ஹவாய் இசை அமெரிக்காவையே ஆட்டிக்கொண்டிருந்தது. மரக் கிற்றார் மண்டபத்தில் கேட்கவில்லை. ஒலிபெருக்கும் மின்கருவிகள் இன்னும் கிற்றாருக்கு வரவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜோர்ஜ் போஷாம்ப் என்ற மேடைக் கலைஞர் உரத்துக் கேட்கும் ஒரு கிற்றார் வேண்டுமென்று அலைந்தார். ஸ்லோவாக்கியாவிலிருந்து சிறுவயதில் குடிபெயர்ந்து வந்த ஜோன் டொப்பியேரா அதைச் செய்து கொடுத்தார். உலோக உடம்புக்குள், மெல்லிய அலுமினியத் தகட்டில் வார்த்த மாதிரித் திருகி எடுத்த கூம்புகள். தந்தியின் அதிர்வைக் குதிரை கூம்புக்குக் கொடுக்கும், கூம்பு ஒலிபெருக்கி மாதிரி வெளியே தள்ளும். 1927இல் மூன்று கூம்புள்ள வகை விற்பனைக்கு வந்தது. 1930இல் ஒற்றைக் கூம்புள்ள ஸ்ரைல் ஓ. அந்த ஒற்றைக் கூம்பின் விட்டம் ஒன்பதரை அங்குலம். அதன் நடுவே பிஸ்கற் மாதிரி ஒரு மர வட்டம், அதன்மேல் குதிரை. இவ்வளவுதான் இயந்திரம்.

ஆனால் போஷாம்ப் அதோடு நிற்கவில்லை. 1931இல் மின்காந்தம் பொருத்திய ஹவாயன் கிற்றார் ஒன்றுக்கு மாதிரி செய்தார். வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பட்டப்பெயர் (குசினிக்காரனான எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோசம்). றிக்கன்பக்கர் நிறுவனம் 1932இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிற்றார்களில் ஒன்று ஹவாயன் கிற்றார்தான். ஹவாய் வாசிப்பாளர்களில் பெரும் பெயரான சோல் ஹோஓபீ, 1920களின் கடைசியில் நேஷனல் மூன்று கூம்பில் வாசித்து அதற்குப் புகழ் வாங்கிக் கொடுத்தவர், 1930களின் நடுவில் மின்கிற்றாருக்கு மாறிவிட்டார். ஒரு கண்ணீரும் விடவில்லை. அவருக்கு அது வேலை செய்யும் கருவி. உரத்துக் கேட்பதற்கென்று பிறந்து, தன்னைவிட உரத்த ஒன்று வந்ததும் ஓரங்கட்டப்பட்ட சாமானைத்தான் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் மூச்சுக்கூடப் படாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

சேகரிப்பவருடைய வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. உலகத்தில் மிக விலையான பழைய வாத்தியம் எது? ஸ்ராடிவாரியின் வயலின்கள். அவற்றில் அநேகமாக எல்லாவற்றினதும் கழுத்து பிற்காலத்தில் மாற்றப்பட்டது. பெரிய மண்டபமும் உயர்ந்த சுருதியும் வந்தபோது, கழுத்தை நீட்டி, சாய்த்து, உள்ளே இருக்கும் தாங்கு சட்டத்தையும் பெரிதாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இதே பாரிஸ் நகரத்தில், அன்ற்வேர்ப்பிலிருந்து வந்த றூக்கர்ஸ் குடும்பத்தின் பழைய ஹார்ப்சிகோர்ட்டுகளை அறுத்து அகலமாக்கி, கூடுதல் சுரங்கள் வைத்து விற்றார்கள். பிளான்ஷே, தாஸ்க்கன் போன்ற பெரிய கைகள் செய்த வேலை அது. வாசிக்கப்பட்டதால் மாற்றப்பட்டன, மாற்றப்பட்டதால் வாசிப்பில் நிலைத்தன. தொடாதே என்ற கட்டளையை அந்தக் காலம் கேட்டிருந்தால் அந்த வயலின்கள் 19ஆம் நூற்றாண்டின் மேடைகளுக்கு ஏறியிருக்காது.

லா வில்லெத்தில் 1997இல் திறந்த இசை அருங்காட்சியகத்துக்கு லீவு நாட்களில் போவதுண்டு. கண்ணாடிக்குள் வாத்தியம், காதில் மாட்டும் கருவியில் அதன் ஒலி. அருங்காட்சியகத்தை நான் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் வாத்தியத்தை வாசித்துத் தேய்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஸ்ரைல் ஓ தொழிற்சாலைச் சாமான். இரண்டாம் உலகப்போர் வந்து உலோகத்தைப் போர் வேலைக்கு இழுக்கும்வரை பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்து தள்ளினார்கள். உலகம் முழுக்க நிறைய இருக்கின்றன. அருங்காட்சியகத்தின் நியாயத்தை உணவகச் சுவருக்குக் கொண்டுவருவது பொருந்தாது. (எங்கள் வீடுகளிலும்தான் பாருங்கள், அரங்கேற்றம் முடிந்த வீணை ஷோகேசுக்குப் பக்கத்தில் பட்டுத்துணி போர்த்துக் கிடக்கும். அதற்கும் தூசு தட்டுவார்கள்; சுருதி சேர்ப்பதில்லை.)

அதற்காக, திருத்துபவரின் பக்கம் சாய்ந்துவிட முடியுமா? அவருடைய அபிப்பிராயத்தில் மிகக் கவர்ச்சியானதும் மிகப் பிழையானதும் முலாம்தான். மறுபடி முலாம் பூசுவதென்றால் பழையதை உரித்தெடுக்க வேண்டும். பிறகு பித்தளையைச் சக்கரத்தில் கொடுத்து மினுக்க வேண்டும். மணல் வீச்சால் பொறித்த கோடுகள் ஆழமானவை அல்ல; மேற்தோலை மங்கலாக்கிய சொரசொரப்புத்தான் அந்தத் தென்னையும் கடலும். மினுக்கும் சக்கரம் போனால் ஓலையின் கூர் போகும், அலையின் கோடு போகும். கொஞ்சம் கூடுதலாக மினுக்கினால் தென்னையே இல்லை. முன்பக்கத்தில் வலது முழங்கை படும் இடத்தில் நிக்கல் தேய்ந்து உள்ளங்கையளவுக்குப் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. அது பத்ரோனின் தகப்பனார் முப்பது வருடமாக முழங்கை வைத்த இடம். அதை மூடுவதற்கு 1800 யூரோவில் பெரும்பங்கு போகிறது. முலாமுக்கும் ஒலிக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றால், காதுக்குத் தெரியும்படியாக ஒன்றும் இல்லை.

'புனரமைப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஊரின் அறிவிப்புப் பலகைகள்தான் நினைவுக்கு வரும். வர்ணம் புதிதாக இருக்கும்.

இந்தக் குழப்பத்தில் எனக்கு வழி காட்டியது நூலோ நிபுணரோ அல்ல. எங்கள் குசினியில் கோப்பை கழுவும் அண்ணை. அறுபது வயது. இந்த வருட முடிவில் ஓய்வு எடுக்கப்போவதாக ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். நான் கிற்றாரை மேசையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இதில என்ன யோசினை? ஊரில பித்தளைச் சட்டிக்கு உள்ளுக்குத்தானே ஈயம் பூசுறது. வெளியில கரி பிடிச்சா ஆருக்கென்ன?"

"அண்ணை, கிற்றாருக்கு எது உள், எது வெளி?"

"கழட்டிப் பார்த்தாத்தானே தெரியும்."

அண்ணையின் பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் திரும்பிப் போய்த் தட்டுக் கழுவினார். ஆனால் அது சரியான பேச்சு. எங்கள் குசினியிலும் செப்புச் சட்டிகள் இருக்கின்றன. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கினால் உடனே பூச அனுப்புவோம், புளிப்புப் பட்டால் நஞ்சு. வெளியே நிறம் மாறினால் யாரும் அனுப்புவதில்லை. ஊரில் ஈயம் பூசுபவர் படலையடியில் வந்து குந்தி, துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, புகை எழும்பச் சட்டியின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். வெள்ளி மாதிரி வரும். வெளிப்புறத்தைத் தொடவே மாட்டார். எது கெட்டால் சாப்பாடு கெடுமோ அதைத் திருத்து என்பதுதான் கணக்கு. எது கெட்டால் ஒலி கெடும் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கழற்ற வேண்டும். திருத்துபவரும் கழற்றாமலே கணக்குப் போட்டார், சேகரிப்பவரும் கழற்றாமலே தடை போட்டார்.

கடை பூட்டும் திங்கட்கிழமை ஒன்றில், குசினி மேசையில் துவாய் விரித்து, தந்திகளை மெல்ல மெல்லத் தளர்த்தி, மேல்மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு திருகாணியும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று கடதாசியில் வரைந்து, அதிலேயே குத்தி வைத்தேன். உள்ளே கம்பளி மாதிரித் திரண்ட தூசியும் எண்ணெய்ப் பிசினும். ஒரு பல்லுக்குச்சி. பிராங் காலத்துப் பத்துச் சென்ரீம் நாணயம் ஒன்று. கூம்பைத் தூக்கியதும் இன்னொன்று தெரிந்தது. இந்தக் கிற்றார்களின் கழுத்து மரத்தால் ஆனது. அது உடம்புக்குள் ஒரு சட்டமாக நீளும். அந்தச் சட்டம் பின்தகட்டில் படிந்து நிற்கக் காளான் வடிவில் மரக் குமிழ்கள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்று பசை விட்டு விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது. சேகரிப்பவர் கையில் எடுத்துப் பார்த்தபோது உள்ளே கலகலத்ததாம். அந்தச் சத்தத்தையும் அவர் அசலில் சேர்த்துக்கொண்டுவிட்டார் போலும்.

கூம்புதான் முக்கியம். தந்திகளின் பாரம் வருடக்கணக்கில் அமர்ந்தால் அலுமினியம் நடுவில் குழிந்துவிடும். முற்றாகக் குழிந்தால் புதிது போடுவது தவிர வழியில்லை. அதை நான் மறுக்கவில்லை. 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் தொடங்கிய நேஷனல் ரிசோ-ஃபொனிக் நிறுவனம் நல்ல புதிய கூம்புகள் செய்கிறது. வாசிப்பவர்கள் பலர் அதைப் போட்டுக்கொண்டு, பழையதை உறையிலிட்டு வைத்திருக்கிறார்கள். திரும்பவும் பழையதைப் போடலாம், ஒன்றும் அழிவதில்லை. இங்கே திருத்துபவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் அதை எறியச் சொன்னதுதான் பிழை. ஆனால் இந்தக் கூம்பு, விளிம்பில் ஒரு நகக்குழி தவிர, நின்றுகொண்டிருந்தது. வண்ணத் தூரிகையால் தூசி எடுத்தேன். அது அமரும் விளிம்பைச் சுத்தம் செய்தேன். மரக் குமிழை வச்சிரப் பசையால் ஒட்டினேன். சூடு காட்டினால் விட்டுவிடும் பசை, பின்னால் வருபவர் என்னைத் திட்டத் தேவையில்லை. சாவிகளின் பல்லுக்கு ஒரு துளி எண்ணெய். இரண்டு சாவிப் பிடிகள் தொட்டதும் மாவாய் உதிர்ந்தன. அவற்றுக்கு மட்டும் புதிது. பழைய தந்தி, நாணயம், உதிர்ந்த பிடித் துண்டு எல்லாவற்றையும் பிஸ்கற் ரின் ஒன்றில் போட்டுப் பத்ரோனிடம் கொடுத்தேன். தந்தி சேர்த்து 55 யூரோ ஆனது. வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

ஒலி? கலகலப்பு இல்லை. மிக உரப்பும் இல்லை. தந்தி தட்டியதும் பாத்திரத்தில் தட்டிய மாதிரி ஒரு கூர், அதன் பின்னால் நீளும் ஒரு சிணுங்கல். நான் என் மலிவு மரக் கிற்றாரில் வருடக்கணக்கில் தேடியது இதைத்தான் என்று அப்போது தெரிந்தது.

இந்த இடத்தில் ஓர் இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் திருத்துவதா வாசிப்பதா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அதில்தான் இருக்கிறது. சமோவாவில் 1908இல் பிறந்து, ஹவாயின் ஓவாகு தீவில் லாயி என்ற ஊரில் வளர்ந்தவர் தாவ் மோ. இருபது வயதளவில் மடம் ரிவியேர் என்பவரின் குழுவோடு கப்பலேறினார். 1929இல் டோக்கியோவில் அந்தக் குழு சில இசைத்தட்டுகள் பதிவு செய்தது. தாவ் மோவும் பாடகியான மனைவி ரோசும் பிறகு பிள்ளைகளும் சேர்ந்து ஆசியா, ஐரோப்பா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்தார்கள். 1940களில் கல்கத்தாவில் வருடக்கணக்கில் தங்கியிருந்தார்கள். வங்காளத்தில் ஹவாயன் கிற்றார் வேரூன்றியதில் அவர்களுக்குப் பங்குண்டு. முதுமையில்தான் லாயிக்குத் திரும்பினார்கள். (ஹவாயன் கிற்றாரைத் தொடக்கியவராகச் சொல்லப்படும் ஜோசப் கெக்கூக்கு பிறந்ததும் அதே லாயியில்தான். அவர் 1904இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர், திரும்பவில்லை; 1932இல் நியூ ஜேர்சியில் இறந்தார்.)

பொப் ப்ரொஸ்மன் என்ற அமெரிக்கர் பழைய நேஷனல் கிற்றார்களின் பைத்தியம். அவற்றின் வரலாற்றை 1993இல் பெரிய நூலாகவே எழுதியவர். டோக்கியோப் பதிவுகள் அவரிடம் இருந்தன. அவற்றில் வாசித்தவர் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியாது. 1980களின் இறுதியில் தாவ் மோவிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. ப்ரொஸ்மன் ஹவாய்க்குப் போனார். விளைவு, 1989இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட தட்டு. 'எங்கள் இளமையின் பாடல்களை நினைவுகூர்தல்' என்பது ஹவாய் மொழித் தலைப்பின் பொருள். அறுபது வருடத்துக்கு முந்திய பாடல்களை அதே பாணியில், பழைய நேஷனல் கிற்றார்களோடு மறுபடி பதிவு செய்தார்கள். எண்பது வயதில் ரோஸ் பாடுகிறார்.

இதைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலரும் 'அப்படியே மீட்டெடுத்திருக்கிறார்கள்' என்றே எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படியே மீட்க முயலும் இடங்களில்தான் தட்டு கொஞ்சம் தொய்கிறது என்பது என் அபிப்பிராயம். ப்ரொஸ்மனின் கை மிகச் சுத்தமான கை. பழைய வாசிப்பின் ஒவ்வொரு வழுக்கலையும் படித்து ஒப்புவிக்கும் மாணவனின் கவனம் சில இடங்களில் தெரிகிறது. பதிவும் மிகத் தெளிவு. ஆனால் ரோசின் குரல் வந்ததும் எல்லாம் மாறுகிறது. அந்தக் குரலுக்கு யாரும் முலாம் பூசவில்லை. நடுக்கம் இருக்கிறது, மூச்சு எடுக்கும் இடம் கேட்கிறது, உயரமான சுரங்களுக்குப் போகும்போது ஏறுவது தெரிகிறது. 1929இன் ரோசைப் போலப் பாட அவர் முயலவில்லை, தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடுகிறார். அப்போது கிற்றாரும் படிப்பதை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்குகிறது. இந்த இசைத்தட்டின் சிறப்பு அந்த இடங்கள்தான். பழைய தட்டுகளை இரைச்சல் நீக்கி வெளியிடும்போது, இரைச்சலோடு சேர்த்துக் கிற்றாரின் மேல்சுரங்களையும் சிரைத்துவிடும் மறுவெளியீடுகள் எத்தனையோ உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கிழக் குரல் எத்தனையோ மடங்கு 1929க்குக் கிட்ட இருக்கிறது. தாவ் மோ 2004 வரை வாழ்ந்தார். ப்ரொஸ்மன் 2013இல் இறந்துவிட்டார். எட்டு மாதம் பொறுத்திருந்து செய்வோம் என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு.

யோசிக்கக் காரணமும் இருந்தது. பத்ரோனின் தாயாருக்கு 91 வயது. நகரத்துக்கு வெளியே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கிற்றாரை என் மடியில் பார்த்த அன்றே பத்ரோன் கேட்டார், அடுத்த திங்கட்கிழமை அம்மாவிடம் வந்து வாசிக்க முடியுமா என்று. முலாம் பூச அனுப்பியிருந்தால் அந்தத் திங்கட்கிழமை அடுத்த வசந்தத்தில் வந்திருக்கும்.

பெட்டியின் உறைக்குள் தகப்பனாரின் பழுத்த இசைத்தாள் ஒன்று இருந்தது. ஒரு வால்ஸ். மூலையில் பென்சிலால் தந்திகளின் சுருதி எழுதியிருந்தார்: லா, தோ டியேஸ், மி, லா, தோ டியேஸ், மி. 1930களில் ஹவாய்க்காரர்கள் விரும்பிய 'லா' சுருதி. நான் அதைக் கண்டேன். கண்டும் எல்லாத் தந்தியையும் ஒரு முழுச்சுரம் கீழே, 'சொல்'லுக்கு இறக்கிவைத்தேன். பழைய கூம்பு, பாரம் வேண்டாம் என்று பயம். பயத்துக்குக் கணக்கும் இருந்தது. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு கூடும். ஒரு முழுச்சுரம் உயர்த்தினால் சுமார் 26 சதவீதம் கூடும். பாதியில் விட்ட பௌதிகம் இப்படித்தான் இடைக்கிடை வந்து எட்டிப் பார்க்கும்.

அந்தத் திங்கட்கிழமை வால்சை வாசித்தேன். கிழவி கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை முதலடி வந்தபோது பாடத் தொடங்கினார். சொற்கள் பாதி இல்லை, மெட்டு இருந்தது. ஆனால் அவர் ஓரிடத்தில், என் கிற்றார் ஓரிடத்தில். ஒரு முழுச்சுரம் மேலே நின்றார். நான் துண்டை மேலே வழுக்கிச் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அந்தப் பாட்டில் திறந்த தந்திகள் தொடர்ந்து வருகின்றன, சேரவில்லை. அவர் பாட்டை நிறுத்தி, கண்ணைத் திறக்காமலே, அவர் இதைவிட மேலே வாசிப்பார் என்று சொன்னார். பத்ரோன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன்.

இரண்டு அபிப்பிராயங்களையும் இவ்வளவு நேரம் விமர்சித்த நான், என் பயத்தைக் கிற்றாருக்கு மேல் ஏற்றி அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். சேகரிப்பவரின் குரல்தான், கொஞ்சம் சாந்தமாக.

திரும்பி வரும்போது றெயிலில் கணக்குப் போட்டேன். இழுவிசை கூடாமல் சுருதியை ஏற்ற வேண்டுமென்றால் தந்தியின் தடிப்பைக் குறைக்க வேண்டும். 26 சதவீதத்துக்கு ஈடுகட்ட விட்டத்தில் சுமார் 11 சதவீதம் குறைத்தால் போதும். முதல் தந்தி இப்போது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 16 பங்கு. 14 போட்டால் 'லா'வில் நின்றாலும் கூம்புக்குப் பழைய பாரம்தான். மெல்லிய தந்தியில் ஒலியின் சதை கொஞ்சம் குறையும். குறையட்டும். மற்ற ஐந்துக்கும் அதே கணக்குப் போட்டு, பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போக முன்னர் தந்திக் கடைக்குப் போனேன். நான்காவது மட்டும் கையிருப்பில் இல்லை, வியாழக்கிழமை வரும் என்றார்கள்.